தண்ணி லாரியில் ஓனரின் தூக்கம்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சத்தமாகச் சொன்னார்:

“நேத்து மத்தியானம் எங்க தண்ணி லாரி ஓனர் என் தோள்ல சாஞ்சு தூங்கினாரு மச்சி.”

“இன்னா நைனா சொல்ற?”

“ரெண்டு நாளா எனக்கு ஜுரம். கண்ணைச் சொருகுது, யார் மேலயாச்சும் ஏத்திடுவேன், வண்டி எடுக்க மாட்டேன்னு சாவியக் குடுத்தேன். ‘நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கினே வரேன், தூக்கம் வராது’ன்னு அவரே ஏறிட்டாரு.”

“பேசினாரா?”

“பெருங்குடியில ஆரம்பிச்சாரு. அடையாறு வர்றதுக்குள்ள கொறட்டை.”

“அப்புறம்?”

“கோட்டூர்புரத்துல மர நிழலாப் பாத்து ஓரங்கட்டி நானும் படுத்துட்டேன். நாலு மணிக்கு எழுந்து, ‘யாரைக் கேட்டு நிறுத்தின’ன்னு கத்தினாரு. ‘சும்மா உக்காந்துகினு வந்த உங்களுக்கே தூக்கம் வருது, ஜுரத்தோட ஓட்டுற எனக்கு வராதா?’ன்னேன்.”

“இன்னா சொன்னாரு?”

“இறங்கிப் போய் டீ வாங்கியாந்தாரு. ‘வேற டிரைவரை வரச் சொல்றேன், நீ வீட்டுக்குப் போய்ப் படு. ஆனா நான் தூங்கினத மட்டும் யார்கிட்டயும் சொல்லாத’ன்னாரு.”

கண்டக்டர் வரைக்கும் சிரித்துவிட்டார்.