தனியாக ஒரு விண்கலம்

— அப்போ என் விண்கலம் போகவே வேண்டாம்னு சொல்லப் போற, அப்படித்தானே?

— தனியா போக வேண்டாம்னு சொல்றேன்க்கா. நாலா சேர்ந்து போகட்டும்.

— தரையில போட்டிருக்கற மஞ்சக் கோட்டைத் தாண்டாதடா, கலத்துக்குத் தூசி ஆகாது. அங்கேயே நின்னு பேசு.

— சரிக்கா.

— ஒன்பது வருஷமா, காந்தப் புலத்தை அளக்கற இந்தக் காந்தமானியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். இதுல என்ன குறை கண்ட?

— கருவியில குறையே இல்ல. சூரியன்லேர்ந்து வீசற காத்துல சுழி சுழியா வருதில்ல, அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டையா இருக்கும்னு நெனச்சுத்தான் ஒரு கலம் போதும்னு முடிவு பண்ணோம். ஆனா அது அப்படி இல்லக்கா. காந்தப் புலம் போற பக்கம் இழுத்துவிட்ட மாதிரி நீளமா இருக்கு. குறுக்கே ஒல்லியா இருக்கு.

— எப்படித் தெரியும்?

— முன்னாடி போன பழைய கலம் அனுப்பின அளவையெல்லாம் பிரிச்சுப் பாத்தேன். புலம் காத்தோட போறப்ப ஒரு அளவு வருது, காத்துக்குக் குறுக்கே இருக்கறப்ப வேற அளவு.

— நல்லாருக்கே. ஒத்தக் கலத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டு, எதுக்கு நாலு கேக்கற?

— அது... வேற வேற நாள் அடிச்ச காத்துக்கா. நீளம் ஒரு நாள் வந்த சுழியில எடுத்தது, அகலம் இன்னொரு நாள் வந்ததுல. ஒரே சுழியை ரெண்டு பக்கமும் அளக்கணும்னா, தள்ளித் தள்ளி நாலு கலம் நிக்கணும்.

— நாலையும் செஞ்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன். தெரியுமில்ல?

— தெரியும்.

— அம்மா கேட்டா என்ன சொல்லுவ? அக்கா வேலையை நான்தான் நிறுத்தினேன்னா?

— அம்மா என்னைத்தான் திட்டுவாங்க. திட்டட்டும்.

— இவ்வளவு தெரிஞ்சும், கலத்தை அனுப்பலாமான்னு முடிவு பண்ற இன்னிக்குக் கூட்டத்துல சொல்லுவ?

— சொல்லாம இருக்க முடியலக்கா. அதுக்கப்புறம் நீ என்கூடப் பேசாம இருந்துட்டாலும் பரவால்ல.

— சரி சரி. வெளிய போய்த் தண்ணி குடி. அந்த வேற வேற நாள் சமாச்சாரத்தை இன்னும் நிதானமா சொல்லு. அங்க பாதிப் பேருக்குப் புரியாது.

— என்னக்கா, உனக்கு எதிரா பேச நீயே சொல்லிக் குடுக்கற?

— என்னை விடக் கிடுக்கிப்பிடியா கேப்பாங்கடா, அதான் கேட்டுப் பாத்தேன். அந்த நீள அகலத்தைப் போட்டு நீ அனுப்பின வரைபடத்தைப் பாத்துட்டு நேத்தே திட்டத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன், இந்தக் கலத்தைத் தனியா அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு.