ஐந்துக்கு ஐந்து

எங்கள் கல்லூரி அரங்கில் விற்கும் பாப்கார்ன் இந்தியானா மாநிலம் முழுக்கப் பேர்போனது. ஆனால் பெரிய கல்லூரி அணி எதுவும் அதைத் தின்னக்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. உங்கள் விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஐயா.

கல்லூரிக் கூடைப்பந்தில் திறமை பாதி, எந்தக் கூட்டணியில் இருக்கிறோம் என்பது மீதி. பெரிய கல்லூரிகளின் கூட்டணியில் பத்து ஆட்டம் தோற்ற அணிக்கும் தேசியப் போட்டியில் இடமுண்டு. எங்களுடையது சின்னக் கூட்டணி. கோப்பை வெல்லும் ஒரே அணிக்குத்தான் கதவு திறக்கும். போன சீசன் முழுக்க ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தோம்.

இந்த முறை இறுதி ஆட்டம் எங்கள் அரங்கில். பெரிய கூட்டணியின் ஆட்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிடித்தால் எங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு எங்கள் சிறந்த ஆட்டக்காரன் டெஷான் ஆட வேண்டும்.

வெளியூரில் நடந்த அரையிறுதியில் அவன் தலை தரையில் மோதியிருந்தது. அணியின் மருத்துவப் பொறுப்பு மார்லீனிடம். தலையில் அடிபட்டவனிடம் ஐந்து சொல் சொல்வாள். சற்றுப் பொறுத்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவனுக்கு இரண்டுதான் வந்தது.

"மூளை குலுங்கியிருக்கு தம்பி. நாளைக்கு மறுபடி கேப்பேன். தேறலைன்னா பெஞ்சுதான்."

மறுநாளும் அதே ஐந்தைத்தான் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். திரும்பும் பேருந்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெளிச்சம் கண்ணைக் குத்துது கோச்."

"கண்ணை மூடிக்கோ. சொல்லு. ஜன்னல், எலுமிச்சை, குதிரை, கம்பளி, ஆணி."

"குதிரைக்கு அப்புறம் என்ன, வண்டியா?" சிரித்தான்.

"உங்கம்மா முதல் வரிசையில உட்காரப் போறாங்கடா. திரும்பச் சொல்லு."

நல்ல பையன். ஊர் வருவதற்குள் பிசகாமல் ஒப்பித்தான். மறுநாள் மார்லீனிடமும் ஒப்பித்தான். அவன் ஆடலாமென்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் யாருடைய முழங்கையோ அவன் நெற்றியில் பட்டது. பெரிய அடியல்ல. எழுந்து, அதற்காகக் கிடைத்த இரண்டு இலவச வீச்சையும் கூடைக்குள் போட்டான். பிறகுதான் விழுந்தான். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

பெரிய கூட்டணியில் சேர்ந்துவிட்டோம். இப்போது பாப்கார்ன் வரிசை தெருவரை நிற்கிறது. மார்லீனின் வேலை போனது; கையெழுத்து அவளுடையதல்லவா? நான் அவளுக்கு வருத்தம் தெரிவித்தேன்.

டெஷானை அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். அவனுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை.

"நான் யாருடா, கண்ணா?" என்றார் அம்மா.

"ஜன்னல், எலுமிச்சை, குதிரை, கம்பளி, ஆணி."

"எதைக் கேட்டாலும் இதையே சொல்றானே கோச், இது என்னது?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நான் அவனுடைய போர்வையைச் சரிசெய்தேன்.

சொல்லிக்கொடுத்தவன் நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: இன்றைக்குக் கேட்டாலும் அவன் ஐந்துக்கு ஐந்து. ஆடத் தகுதியுள்ளவனைத்தான் நான் ஆடவிட்டேன்.