அரியமுத்து யாரு?

— அரியமுத்து யாருன்னு சொல்லாம இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்.

— எந்திரிக்க வேணாம் தம்பி. படியேறுன மூச்சே இன்னும் அடங்கல உங்களுக்கு. அந்த மூணாம் படி நான் ஆபீஸ் போட்ட நாள்லேர்ந்து ஒடஞ்சு கெடக்கு. கால இடிச்சுக்கலையே?

— படி கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஆளச் சொல்லுங்க.

— மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க.

— அப்துல் ஹாதி. லப்பைக்குடிக்காடு. ஷார்ஜாவுல டிரைவரா இருக்கேன். பஞ்சவர்ணம்னு பதிப்பகம் நடத்துறது நீங்கதானே?

— நானேதான்.

— ரூம்ல ஒருத்தன் உங்க புத்தகத்த போன்ல வாங்கிப் படிச்சுக்கிட்டிருந்தான். 'ஹாதி, உங்க ஊராட்டம் இருக்கு பாரு'ன்னு நீட்டுனான். ஊரு இல்லம்மா, என் வூடு! அதே பச்சைக் கதவு. கொல்லையில அதே சாஞ்ச முருங்கை. உள்ள ஒரு பொம்பள, புருஷன் கழட்டிப் போட்டுட்டுப் போன சட்டையத் தொவைக்காம, கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டி வெச்சிருக்கா. ராவானா அதுகிட்ட பேசுறா.

— கதைதானே தம்பி.

— கதையா? என் பொண்டாட்டி பர்சானா அப்படித்தான் மாட்டி வெச்சிருக்கா! லீவுல வந்து எறங்குனதும் மொத வேலையா கதவச் சாத்திப் பாத்தேன். தொங்குது. எங்க ரூமுக்குள்ள தொங்குற சட்டை, அரியமுத்துங்கற ஆம்பளைக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க பாப்போம்!

— பர்சானாவக் கேட்டீங்களா?

— கேட்டேன். 'அப்படி யாரையும் தெரியாது'ன்னா. நான் விடல. பையத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. நாளைக்கு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்கார்றாங்க. இவ எனக்கு வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.

— அய்யய்ய, அவசரப்படாதீங்க.

— அப்ப பேரச் சொல்லுங்க!

— மாட்டேன். ஈய எழுத்தக் கையால கோத்து அச்சடிச்ச காலத்துலேர்ந்து, இப்ப போன்ல புத்தகம் போடுற வரைக்கும், புனைபேருக்குப் பின்னால யாருன்னு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. போலீசே ஒரு தடவை இதே நாற்காலியில உக்காந்து கேட்டுட்டு, டீயக் குடிச்சுட்டுப் போயிருக்கு.

— எனக்கு டீ வேணாம்.

— நான் இன்னும் குடுக்கவே இல்லையே.

— வெளையாடாதீங்கம்மா! அப்ப புனைபேருன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. எதுக்கு ஒளியிறான்? தப்பு பண்ணுனவன்தானே ஒளிவான்?

— கோவத்துல படிச்சா எழுத்துதான் தெரியும் தம்பி, கதை தெரியாது. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அந்தப் பொம்பளைக்குப் புருஷன் சேதி எப்படி வருது?

— எங்க வருது? தபால்காரன் வர்ற வழியப் பாத்துக்கிட்டே நிக்கிறா.

— நீங்க பர்சானாவுக்குக் கடுதாசியா போடுறீங்க?

— ...தெனம் வீடியோ கால்ல பேசுறேன்.

— ம். அதுல ஒரு மாமியா வர்றாளே, அவ எப்படி?

— வாயத் தொறந்தா வசவுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்தரம். எங்கம்மா பர்சானாவ ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்பகூட, 'அவளக் கூட்டிட்டு வந்தாத்தான் சாப்புடுவேன்'னு சோத்தத் தொடாம உக்காந்திருக்காங்க.

— அப்ப அது உங்கம்மா இல்ல.

— வூடு என் வூடுதானே?

— வூடு அதாவே இருக்கட்டும். அந்த பீரோ மேல் தட்டுல, எங்க பத்திரிகையோட பழைய இதழ்களச் சேத்துக் கட்டுன செகப்பு பைண்டு ஒண்ணு இருக்கு, எடுங்க. எனக்கு எட்டாது. எங்க பக்கமும் ஒரு தப்பு இருக்கு. நீங்க படிச்ச புத்தகத்துல இருக்கறதெல்லாம் அந்தப் பத்திரிகையில வந்த கதைங்க. அச்சுப் புத்தகமாப் போட்டப்ப, ஒவ்வொரு கதைக்கடியிலயும் எந்த வருஷத்து இதழ்னு ஒரு வரி போட்டோம். போனுக்கு மாத்தறப்ப, கம்ப்யூட்டர் பாக்குற கீதாஞ்சலி, 'அந்த வரி மட்டும் துண்டா அடுத்த பக்கத்துக்கு ஓடுதும்மா'ன்னு எடுத்துட்டா. நானும் சரின்னுட்டேன். அட்டையப் பாருங்க. வருஷத்த மட்டும் பாருங்க. அது ஊருக்கே தெரிய அச்சுல வந்ததுதான்.

— தொண்ணூத்தி ஒண்ணு... உள்ள அதே கதை. அதே பேரு.

— அப்ப பர்சானா எங்க இருந்தா?

— அவ பொறக்கவே இல்லம்மா. எனக்கே நாலு வயசு.

— உங்க வூட்டுலேர்ந்து அப்ப வெளிநாட்டுல இருந்தது யாரு?

— எங்கத்தா, என்னப் பெத்தவரு. சவுதியில.

— கதை முடியறப்ப ஒரு சின்னப் புள்ள வருதே.

— ஆமா. கதவுக்குப் பின்னால நின்னு, அந்தச் சட்டையோட கையப் புடிச்சுக்கிட்டே தூங்கிப்போறான்... யா அல்லா! அந்த ஆணி, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா அங்கதான் இருக்கு.

— நான் பேரு எதுவும் சொல்லல தம்பி.

— நீங்க சொல்ல வேணாம்மா. உங்க போன் புத்தகத்துல ஈமெயில்தான் இருக்கு, ஆபீஸ் எங்கன்னு இல்ல. காலையில நான் கத்திக்கிட்டுக் கெளம்பறப்ப எங்கம்மாதான் வழி சொன்னாங்க. 'அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில, மூணாம் படி ஒடஞ்சிருக்கும், பாத்து ஏறு'ன்னாங்க.