நீல மூடி, வெள்ளை மூடி

எனக்குத் தயிரே பிடிக்காது. ஆனாலும் பதினோரு வருடங்களாகத் தயிரில் வளரும் பாக்டீரியாவோடுதான் குடித்தனம். ஆய்வகத்தில் என்னைத் 'தயிரம்மா' என்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

என் பாக்டீரியா கிடைத்தது ஒரு கைக்குழந்தையின் டயப்பரில். முகத்தைச் சுளிக்காதீர்கள், நல்ல சமாச்சாரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் 'குட்டி' என்று செல்லப்பெயர் வைத்தேன். குட்டியைத் தின்ற எலிகளை நுரையீரல் தொற்று அண்டவில்லை. மனிதர்கள்தான் பாக்கி.

அக்கா முதியோர் இல்லம் நடத்துகிறாள். இருபத்தெட்டுப் பேர், எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். தினம் ஒரு கப் தயிர் என்றதும் எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு நீல மூடி, குட்டி கலந்தது. மீதிப் பேருக்கு வெள்ளை மூடி, வெறும் தயிர். அப்பாவுக்கு வெள்ளை விழுந்தது.

"ஏண்டி, அப்பாவுக்கு மட்டும் நல்லதா பாத்துக் குடுத்துடேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியுமேக்கா."

வேலையில் எனக்கு நேர்மை முக்கியம்.

குளிர்காலம் வந்தது. என் கெட்ட நேரம், ஒருவர்கூட இருமவில்லை. நீலம், வெள்ளை, எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். வராத நோயைத் தடுத்தேன் என்று எப்படி எழுதுவது? எலிகளுக்கு நாங்களேதான் தொற்றைக் கொடுத்தோம். அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆகவே ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கூடத்தில் அப்பா செஸ் ஆடிக்கொண்டிருந்தார். காற்றை ஈரமாக்கும் கருவியில் நானே தண்ணீர் நிரப்பினேன். குப்பியையும் அதிலேயே கவிழ்த்தேன்.

"முகத்துல எதுக்கும்மா மாஸ்க்?" என்றார் அப்பா.

"லேசா ஜலதோஷம்ப்பா. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல."

ஐந்தே நாளில் இருபது பேருக்குக் காய்ச்சல். இல்லத்துக்கு வரும் மருத்துவர் அப்பாவைச் சோதித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்ன கிருமின்னே பிடிபடலை. தெரிஞ்சா சரியான மருந்தைக் குடுத்துடலாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோருக்கும் மருந்து போகும். அப்புறம் பிழைத்தவரைக் குட்டி காப்பாற்றியதா, மருந்து காப்பாற்றியதா என்று எப்படிப் பிரிப்பது? அப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றக் கையால் அவருடைய காய்ச்சலைக் குறித்துக்கொண்டேன்.

வெள்ளையில் மூவர் இறந்தார்கள், அப்பாவையும் சேர்த்து. நீலத்தில் இருவர். ஐந்து பேரையும் கொன்றது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எங்கள் துறைத் தலைவர் சொல்லுவார். அவர் சொல்வது சரிதான். என் தவறை நான் மறைக்கப் போவதில்லை.

இருபத்தெட்டுப் பேர் போதவில்லை.