பூட்டுக்கடைக்குப் போட்ட பூட்டு

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. வயது எழுபத்திரண்டு. வானிலை நிலையத்தில் மழையளவும் வெப்பநிலையும் பார்த்துக் குறிக்கும் வேலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மேற்படி விலாசத்தில் முதல் மாடியில் நானும் என் மனைவியும் மட்டும் குடியிருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே புகார்தாரரின் பூட்டுக்கடை இருக்கிறது. பூட்டு விற்பதும், சாவி செய்வதும், சாவி தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பதும் அவர் தொழில். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது.

ஏழு மாதங்களுக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. 'ம்', 'இல்ல' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் தானாக வருவதில்லை. ஒரு பேச்சுப் பயிற்சியாளர் திங்கள், புதன், வெள்ளி காலை பதினொரு மணிக்கு இணையம் வழியாக, படத்தில் முகம் பார்த்தே பயிற்சி கொடுக்கிறார். தொடர்ந்து மூன்று வகுப்புகள் பாதியில் நின்றால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது அவர்கள் விதி. வேறு நேரம் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். கைபேசி சிக்னல் எங்கள் வீட்டில் மொட்டைமாடிப் படியில்தான் வரும். அவளால் படியேற முடியாது.

சென்ற மாதம் முதல் வாரத்திலிருந்து எங்கள் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரத் தொடங்கியது. கோளாறு என் கையிலேயே இருக்கலாம் என்று நினைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் மோடத்தை அலமாரியிலிருந்து மேஜைக்கு மாற்றி மூன்று நாள் பார்த்தேன். அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டியை வேறு பிளக்கில் போட்டு மூன்று நாள் பார்த்தேன். அதன் பிறகு மோடத்துக்குப் போகும் மின்கம்பியைப் புதிதாக வாங்கி மாற்றி மூன்று நாள் பார்த்தேன். ஒன்றிலும் பலன் இல்லை. இணைப்பு அறுந்த நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். பதினான்காம் பக்கத்தில் ஓர் அடித்தல் இருக்கிறது. அது கடிகாரத்தைத் தவறாகப் பார்த்ததால் வந்தது.

இதற்கிடையில் இணையக் கம்பெனியிலிருந்து லைன்மேன் நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் மதியம் இரண்டரை மணியை ஒட்டித்தான் வந்தார். அந்த நேரத்தில் மோடத்தில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. "சார், உங்க மோடத்துக்கு என்னைப் பாத்தா பயம்போல. நான் வந்தா ஒழுங்கா இருக்குது. பேசாம என் போட்டோ ஒண்ணு தர்றேன், பக்கத்துல மாட்டி வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். காகிதத்தில் 'கோளாறு இல்லை' என்று எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன்.

அதன் பிறகு நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தடவைகூட இணைப்பு அறுந்ததில்லை என்பதும், மற்ற நாட்களில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை அறுந்ததில்லை என்பதும் தெரிந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை. இந்த வாரம் திங்கள் வகுப்பும் புதன் வகுப்பும் பாதியில் நின்றுபோயின. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மோடத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, கீழே கடை ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது. அது கேட்ட அதே நொடியில் சிவப்பு விளக்கு வந்தது. செவ்வாய் அவர் கடைக்கு விடுமுறை. இரண்டிலிருந்து நான்குவரை சாப்பாட்டுக்காக ஷட்டரை இறக்கிவிடுவார். சென்ற மாதம் முதல் வாரத்தில்தான் புது ஷட்டர் போட்டார். கீழே போய்ப் பார்த்தேன். தெருக் கம்பத்திலிருந்து வரும் எங்கள் கேபிள், ஷட்டர் சுருளும் தகரப் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் மேலே ஏறியது. ஷட்டர் முழுதும் சுருண்டால் கேபிளை நசுக்கும் என்று ஊகித்தேன்.

உடனே கம்பெனிக்குத் தகவல் சொன்னேன். அடுத்த புதன்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அன்று மாலை கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்போது கடையில் வேறு மூன்று பேரும் இருந்தார்கள். புகார்தாரர், "நான் ஷட்டர் தொறந்தா உங்க நெட்டு போகுதா? நாளைக்கு நான் தும்மினா உங்க வீட்டு ஃபேன் நிக்குமா சார்?" என்றார். அந்த மூவரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் கடையைப் பன்னிரண்டு மணிக்குத் திறக்க முடியுமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் அதைக் கேட்கவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அவரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார். அந்த மட்டில் தவறு என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, எங்கள் வீட்டுப் பூட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கடை ஷட்டரில் அவர் பூட்டுப் போடாத இரண்டாவது வளையத்தில் போட்டுப் பூட்டினேன். அந்தப் பூட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரிடமே வாங்கினேன். "இதை நானே திறக்கணும்னாலும் பாதி நாள் ஆவும் சார்," என்று சொல்லித்தான் கொடுத்தார். 'பன்னிரண்டு மணிக்கு நானே திறந்துவிடுகிறேன், மன்னிக்கவும், முதல் மாடிக்காரர்' என்று எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். தெருவில் ஆள் வந்ததும் மேலே ஏறிவிட்டேன், சீட்டு சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. அதையும் ஒப்படைக்கிறேன்.

பத்தரைக்குப் புகார்தாரர் வந்தார். பூட்டு திறக்கும் கருவிகள் எல்லாம் கடைக்குள் இருந்தன. இதை நான் முன்கூட்டி யோசித்தேனா என்று அதிகாரி கேட்டதற்கு, யோசிக்கவில்லை என்று சொல்கிறேன். எதிரே துணி தேய்க்கிறவர், "அண்ணே, நம்ம தெருவுல சாவி தொலைஞ்சா தொறந்து குடுக்கிற ஆளு ஒருத்தரு இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்று உரக்கச் சொன்னது மேலே கேட்டது. நிறையப் பேர் சிரித்தார்கள். முந்தின நாள் அதே இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் எனக்கு அது சந்தோஷமாக இல்லை. சாவி என் கையில்தான் இருந்தது. இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

பதினொரு மணிக்கு வகுப்பு தொடங்கியது. எல்லா விளக்கும் பச்சை. பயிற்சியாளர் பத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். என் மனைவி குடை, நாற்காலி இரண்டையும் சொன்னாள். சீப்புக்கு வாயைத் திறந்து மூடினாள். பதினொன்று இருபத்தைந்துக்குப் புகார்தாரர் எங்கிருந்தோ சுத்தியல் வாங்கி வந்து பூட்டை அடிக்கத் தொடங்கினார். தரை அதிர்ந்தது. படம் நான்கு நொடி நின்று திரும்ப வந்தது. என் மனைவி திரையை விட்டு என் பக்கம் திரும்பி, "ஏங்க, கீழ என்ன சத்தம்?" என்றாள்.

பயிற்சியாளர், "அம்மா, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றார். என் மனைவிக்குக் கோபம் வந்தது. "கீழ. என்ன. சத்தம்," என்று அழுத்தி அழுத்திச் சொன்னாள். பயிற்சியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது நான் காட்டுன படத்துல இல்ல. இதுக்கு மார்க் போட எனக்கு எடமும் இல்ல. வர்ற திங்கக்கிழமை பதினோரு மணிக்குப் பாக்கலாம்," என்றார். வகுப்பு, அந்த நான்கு நொடி தவிர, அறுபடாமல் பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது.

அதன் பிறகு நான் கீழே இறங்கிப் புகார்தாரர் கையில் சாவியைக் கொடுத்தேன். அவர் சுத்தியலைப் பிடித்தபடி, "சார்... நீங்களா?" என்றார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூட்டு நசுங்கியிருந்தது, ஆனால் திறக்கவில்லை. சாவி போட்டதும் திறந்தது. அவர் ஷட்டரை ஏற்றினார். உடனே மேலே போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பதினொன்று நாற்பத்தெட்டு என்று குறித்தேன்.

இரண்டே தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்வது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகவே லைன்மேனை இனி காலை பத்தரைக்கு மேல், இரண்டு மணிக்குள் வரச் சொல்லும்படி காவல் நிலையத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். புகார்தாரர் பட்ட அவமானத்துக்கு, அவர் கடை வாசலில் அதே ஆட்கள் இருக்கும்போது வந்து மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன். இந்தத் தடவை சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார், நானும் கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. எழுதியிருப்பது அனைத்தும் நடந்ததே. சத்தம் என்ன என்று கேட்ட என் மனைவியிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அன்றைய தினத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் அதைத் திருத்திக்கொள்வேன்.

(கையொப்பம்)