அந்த ஒரு திரை அணையவில்லை

மேடையில் இருக்கும் டாக்டர் கௌதமன் அவர்களே, மருத்துவமனைத் தோழர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காளிதாஸ் அவர்களே, இராசிபுரத்துப் பெருமக்களே! இம்மருத்துவமனையின் மின் பொறியாளன் சிவக்குமார், உங்கள் முன் கைகூப்பி நிற்கிறேன்.

நம் கணினிப் பிரிவுத் தலைவர் தெய்வநாயகி அம்மையாரை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. அவரைப் பற்றி என்னவென்று சொல்வேன்? எதைச் சொல்லி முடிப்பேன்? ஒரேயொரு மத்தியானத்தைச் சொல்கிறேன்.

போன சித்திரையில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் ஓட்டுநர் அம்மாசி தலையில் அடிபட்டு இங்கே வந்தார். டாக்டர் கௌதமன் ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்தபடி அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்தா கணினி அறையின் ஏ.சி. நிற்க வேண்டும்! அறையில் சூடு மளமளவென ஏறியது. இன்னும் ஏறினால் கணினிகள் தாமாக அணைந்துவிடும். டாக்டருக்குப் படம் போய்விடும்.

"ஜன்னலைத் தொறந்துரலாங்களா?" என்றேன்.

"வேண்டாங்க. வெளிய தறிக்கொட்டாய்ப் பஞ்சு பறக்குது. மிசினுக்குள்ள போயி அடைச்சுக்கும்" என்றார் அம்மையார்.

ஒருவர் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரை உருட்டி வந்தார்.

"ஈரக்காத்தும் ஆகாதுங்க. படம் இருக்கற மிசினு மட்டும் ஓடட்டும். மத்ததை நிறுத்துனாத்தான் சூடு கொறையும்."

நிறுத்தினால் பதிவு நிற்கும், மருந்துச் சீட்டு நிற்கும். கூடம் நிறைய நோயாளிகள்! அவர்களிடம் யார் சொல்வது? அம்மையாரே போய் நின்றார்.

"சாமி, உள்ள ஒருத்தருக்குத் தலையில ஆபரேசன் நடக்குதுங்க. அவரு பொழைக்கோணும்னா இங்க எல்லாத்தையும் நிறுத்தோணும். கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?"

முழங்கால் வலியோடு வரிசையில் நின்ற ஜானகியம்மாள் முதலில் தரையில் உட்கார்ந்தார். "நிறுத்துங்க அம்மணி. அந்தப் புள்ள பொழைக்கட்டும். நாங்க இருக்கறோம்" என்றார். ஒவ்வொருவராக அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். நான் மலைத்துப்போனேன், பெருமக்களே! எத்தனை கோபத்தைக் கண்ட கூடம் அது! அன்று குழந்தைகள்கூட அழவில்லை.

அம்மையார் மற்ற கணினிகளை நிறுத்தினார். பக்கத்து அறையின் குளிர்ச்சி வருவதற்கு நடுக்கதவைத் திறந்தார். அந்த வெக்கையில், சேலை உடம்போடு ஒட்ட, மிசின் முன்னாலேயே நின்றார். மெக்கானிக் வந்து ஏ.சி.யைச் சரிசெய்யும் வரை படம் ஒருமுறையாவது அணைந்ததா? இல்லை! அம்மாசி பிழைத்தார். வெளியே வந்த பிறகுதான் டாக்டருக்கே விஷயம் தெரிந்தது. அவர் அம்மையாரைக் கும்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அம்மையாரே, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாவது ஏ.சி.யை நேற்று மாட்டிவிட்டோம். இங்கே வருமாறு உங்கள் உதவியாளர் சரிதாவை அழைத்தேன். "நீங்க போய்ட்டு வாங்கண்ணா, நான் ரூமைப் பாத்துக்கறேன்" என்று அழுதுகொண்டே சொன்னார். இந்தக் கூட்டம் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கே உட்காரப் போகிறேன். எனக்குப் பின் யார் என்று கேட்டால், இங்குள்ள எங்கள் தோழர்கள் அத்தனை பேரும் கைதூக்குவார்கள். இது உங்கள் மேல் ஆணை!