ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது

கார் துடைக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு, ஐயா. காய்ந்த துணியை எடுத்துச் சரக் சரக்கென்று இழுப்பார்கள். வெயிலில் பார்த்தால் பெயிண்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். என் மனைவியும் அந்த ரகம்தான். கரடியாகக் கத்தியிருக்கிறேன். "தூசியத்தானே தட்டினேன், உங்க தோலையா உரிச்சேன்?" என்பாள். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு காரை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு எரிச்சல் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரிந்தால் மற்றதும் புரியும்.

அதனால்தான் கோட்டிங் போட்டேன். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு. அழுக்கு ஒட்டாது, பறவை எச்சம் அரிக்காது, நிறம் மங்காது. செலவு அதிகம்தான். போடலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்களோடு இருந்த என் மாமனார் மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"வண்டி ஓட்டறதுக்கா, பாக்கறதுக்கா மாப்பிள்ளை? அந்தக் காச வச்சிருந்தா பின்னாடி புது பெயிண்டே அடிச்சிடலாம். தண்டம்."

பொறுத்துக்கொண்டேன். பெண்ணைக் கொடுத்தவர், மரியாதை இருக்கிறது. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே "தண்டம்". மனுஷனுக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும், சொல்லுங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கோட்டிங் கடைக்காரர் சொன்னார்: "ஒரு வாரம் சொட்டுத் தண்ணி படக்கூடாது சார். இறுகறதுக்குள்ள நனைஞ்சா வெள்ளை வெள்ளையா திட்டு விழும். அப்புறம் எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு முதல்லேர்ந்து போடணும்."

வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த வாரம் முடிவதற்குள், வானம் இருட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில், "அப்பாவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும், நான் குளிச்சிட்டு வர்றேன், வண்டிய எடுத்து வைங்க" என்றாள் மனைவி. வாக்குவாதம் எனக்குப் பிடிக்காது. பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றி விட்டேன். ஸ்பேனர் கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. மாட்டுவதும் ஒரு நிமிடம்தான். அவள் வந்து சாவியைத் திருகிப் பார்த்தாள். "பேட்டரி போயிருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். நம்பினாள். செக்கப்பைத் தள்ளிப் போட்டாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமனாருக்கு நெஞ்சு அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. அவரைத் தாங்கிக்கொண்டு வந்து, கார் நிற்கும் முன்கூரைக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தாள். மறுபடி சாவியைத் திருகினாள். "ஏங்க, ஏதாவது பண்ணுங்களேன்" என்று அழுதாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். அதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர முடியும் என்றார்கள். அவள் ஏதாவது வண்டியை நிறுத்தலாம் என்று கொட்டுகிற மழையில் தெருமுனைக்கு ஓடினாள்.

மாமனாரும் நானும் மட்டும் இருந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே, "பானெட்டத் தெறந்து பாருங்க மாப்பிள்ளை" என்றார். காலையில் அவர் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மகளிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலும். நல்ல மனிதர்.

ஸ்பேனர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாயிற்று. அந்த மழையில் வண்டியை வெளியே எடுத்தால் பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. "கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா, இதோ வந்துடுவாங்க" என்றேன். காற்று திரும்பி, சாரல் பானெட் மேல் அடிக்க ஆரம்பித்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். மனைவி வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அப்படித்தான் நின்றிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது அப்பாவுக்குத்தான் குடை பிடிக்கிறேன் என்று நினைத்தாளாம்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். வந்தவர்கள் பதற்றத்தில் ஸ்ட்ரெச்சரைக் காரில் இடித்துவிட்டார்கள். கதவில் முழ நீளத்துக்குக் கோடு. கோட்டிங்கைத் தாண்டி, பெயிண்டையும் தாண்டித் தகரம் தெரிகிறது. மெக்கானிக் வந்து கழன்று கிடந்த வயரைக் காட்டிய பிறகு மனைவி என்னோடு பேசுவதில்லை. கடைக்காரர் பேசினார். "இவ்ளோ ஆழமான கீறலுக்கெல்லாம் இது தாங்காது சார்" என்கிறார். இதை முதலிலேயே சொல்வதற்கு வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

அதனால் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. மாமா சொன்னதுதான் சரி. கொடுத்த காசுக்கு அது தண்டம்தான். இதை அவரிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்பது ஒன்றுதான் என் வருத்தம்.